ஆங்கிலச் சொல்லையும் பகுபதமாகப் பிரிக்கலாம்: லத்தீன், கிரேக்க வேர்களின் வழியே சொல்வளம்

பள்ளியில் 'வந்தான்' என்ற சொல்லைப் பிரித்து எழுதியது நினைவிருக்கும். வா + த்(ந்) + த் + ஆன். 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். முதல் 'த்' சந்தி, அது 'ந்' ஆனதும் விகாரம். இரண்டாவது 'த்' இறந்தகால இடைநிலை. 'ஆன்' ஆண்பால் விகுதி. நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளை மதிப்பெண்ணுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் விட்டுவிட்டோம். ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க நினைக்கிறவருக்கு வேண்டிய பயிற்சி அதேதான். லத்தீன், கிரேக்க வேர்களால் ஆன ஆங்கிலச் சொற்களில் பகுதி உண்டு, விகுதி உண்டு, சந்தி உண்டு, விகாரமும் உண்டு. தமிழில் பகுதி முதலில் நிற்கும். அங்கே அதற்கும் முன்னால் ஒரு முன்னொட்டு வந்து உட்காரும். பெரிய வேறுபாடு அவ்வளவுதான்.

எந்தச் சொற்களுக்கு இது உதவும்?

எல்லாவற்றுக்கும் உதவாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஈட், வாட்டர், ஹேண்ட், கோ, கம் போன்ற அன்றாடச் சொற்கள் ஜெர்மானியக் குடும்பத்திலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொற்கள். நம் கணக்கில் அவை பகாப்பதங்கள். அவற்றைப் பிரிக்க முயல்வது வீண் வேலை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் வந்து குவிந்தன. பின்னர் அறிஞர்கள் நேரடியாகவே லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் எடுத்தார்கள். இதயத்துக்கு 'ஹார்ட்' என்பது பழைய ஆங்கிலம். உளமார்ந்த என்னும் பொருளுள்ள 'கார்டியல்' லத்தீன். மருத்துவர் சொல்லும் 'கார்டியாக்' கிரேக்கம். ஒரே பொருள் மூன்று அடுக்குகளில் கிடக்கிறது.

நாளிதழ்த் தலையங்கம், சட்டம், அறிவியல், மருத்துவம், போட்டித் தேர்வுப் பத்திகள் எல்லாம் மேலடுக்குச் சொற்களால் ஆனவை. வேர்கள் அங்கேதான் பலன் தரும். அன்றாடச் சொற்களில் ஏறக்குறைய 2000 கைவசம் இல்லாதவர் அவற்றை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு இங்கே வரலாம். தெரிந்த சொற்களில் ஒளிந்திருக்கும் வேரை அடையாளம் காண்பதில்தான் இந்த முறை தொடங்குகிறது. தெரிந்த சொல்லே குறைவாக இருந்தால் பிடித்து ஏறக் கொம்பு இருக்காது.

முதல் படி: நோட்டு

கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஒரு வேருக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் வேரும் அதன் பொருளும். கீழே நான்கு பத்திகள்: சொல், அதைப் பிரித்த வடிவம், நேர்ப்பொருள், வழக்குப்பொருள். நேர்ப்பொருளுக்கும் வழக்குப்பொருளுக்கும் தனித்தனி இடம் கட்டாயம் வேண்டும். காரணம் போகப் போகத் தெரியும். கடைசியில் ஒரு முழு வாக்கியம், நீங்கள் படித்த இடத்திலிருந்து எடுத்தது.

வேர்களை நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் P-யும் B-யும் ஒன்றாகிவிடும்: நோய், உணர்ச்சி என்று பொருள்படும் 'பாத்' வேரும் குளியலைக் குறிக்கும் 'பாத்' என்ற சொல்லும் ஒன்றுபோலத் தோன்றும். வேரைப் பிடிக்க உதவுவது எழுத்துக்கூட்டல். உச்சரிப்பு பல இடங்களில் ஏமாற்றும். குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் 'இன்டைட்' என்ற சொல்லில், 'சொல்' என்று பொருள்படும் டி-ஐ-சி-டி வேர் முழுதாக எழுத்தில் இருக்கிறது. காதுக்கு மட்டும் அது எட்டாது.

இரண்டாம் படி: முன்னொட்டுகள்

வேர்களுக்கு முன் முன்னொட்டுகளைப் படிப்பதுதான் சரியான வரிசை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சொற்களில் வரும். லத்தீனில் முதலில் வேண்டியவை பதினாறு. ரி (மீண்டும், பின்னோக்கி), ப்ரீ (முன்), போஸ்ட் (பின்), எக்ஸ் (வெளியே), இன் (உள்ளே, அல்லது இல்லை), சப் (கீழே), சூப்பர் (மேலே), இன்டர் (இடையே), டிரான்ஸ் (கடந்து), கான் (சேர்ந்து), டி (விலகி, கீழ்நோக்கி), டிஸ் (பிரிந்து), ஆட் (நோக்கி), ப்ரோ (முன்னோக்கி), பெர் (ஊடாக, முழுக்க), சர்க்கம் (சுற்றி). கிரேக்கத்தில் எட்டு: ஆன்டி (எதிர்), சின் (சேர்ந்து), ஹைப்பர் (மிகை), ஹைப்போ (குறை, கீழ்), டயா (ஊடாக), பெரி (சுற்றி), எபி (மேல்), அ அல்லது அன் (இல்லை). நாளைக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

கடைசியில் சொன்ன கிரேக்க 'அ' நமக்கு அந்நியமில்லை. நீதி, அநீதி. ஆதி, அநாதி. வடமொழியில் மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. கிரேக்கத்திலும் அதே விதிதான்: 'எதீயிஸ்ட்' என்ற சொல்லில் ஏ மட்டும், 'அனார்க்கி'யில் ஏ-என். வடமொழியும் கிரேக்கமும் ஒரே மொழிக் குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது.

இனி சந்தி. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரம்கள்' ஆவதில்லை, 'மரங்கள்' ஆகிறது. வரும் எழுத்துக்கு இசைய மகரம் மாறுகிறது. லத்தீன் முன்னொட்டுகளும் இப்படியே மாறும். 'இன்' என்பது பி, எம் போன்ற உதட்டெழுத்துகளுக்கு முன் 'இம்': இம்பாசிபிள். எல் முன் 'இல்': இல்லீகல். ஆர் முன் 'இர்': இர்ரெகுலர். 'கான்' என்பது காம், கால், கார் என மாறும். கிரேக்க 'சின்' சிம்பதியில் 'சிம்', சிலபிளில் 'சில்'.

அதிகம் உருமாறுவது 'ஆட்'. ஏ-டி என்ற இரண்டு எழுத்தில் டி மறைந்து, அடுத்து வரும் எழுத்தே இரட்டிக்கும். அக்செப்ட் என்பதில் இரண்டு சி, அஃபெக்ட்டில் இரண்டு எஃப், அலொகேட்டில் இரண்டு எல், அசிஸ்ட்டில் இரண்டு எஸ், அட்ராக்டில் இரண்டு டி (T). ஆங்கில எழுத்துக்கூட்டலில் எங்கே இரட்டை எழுத்து என்ற குழப்பத்தில் பெரும்பகுதிக்கு விடை இங்கே இருக்கிறது. 'சப்' என்பதும் இப்படித்தான்: சக்சஸ், சஃபர், சப்போர்ட், சஜெஸ்ட் நான்கிலும் தொடக்கத்தில் நிற்பது மாறிய 'சப்'. சொல்லின் தொடக்கத்தில் ஒரு மெய் இரட்டித்திருந்தால், அங்கே ஒரு முன்னொட்டு கரைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: வேர்கள்

வாரத்துக்கு நான்கு வேர், அதற்கு மேல் வேண்டாம். ஒரு வேருக்கு ஆறு முதல் எட்டுச் சொற்கள். அவற்றில் இரண்டு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவை, மூன்று எங்கோ பார்த்தவை, மீதி புதியவை. ஒரு வேரிலிருந்து முப்பது சொற்களைப் பட்டியலிட்டுப் படிப்பவர்கள் மூன்றாம் வாரத்தில் சோர்ந்துபோவார்கள். அந்த முப்பதில் இருபது சொற்கள் அவர்கள் வாழ்நாளில் எதிர்ப்படாதவையாகவும் இருக்கும்.

'பார்' என்று பொருள்படும் எஸ்-பி-இ-சி வேரில் தொடங்கலாம். இன்ஸ்பெக்ட்: உள்ளே பார், சோதி. ஸ்பெக்டேட்டர்: பார்வையாளர். ரெஸ்பெக்ட்: திரும்பிப் பார், மதி. சஸ்பெக்ட்: கீழிருந்து பார், ஐயப்படு. ப்ராஸ்பெக்ட்: முன்னோக்கிப் பார்ப்பது, எதிர்கால வாய்ப்பு. சர்க்கம்ஸ்பெக்ட்: சுற்றிப் பார்க்கிற, அதாவது எச்சரிக்கையான. எக்ஸ்பெக்ட் என்பதிலும் இதே வேர்தான், எக்ஸ்-க்குப் பின் வர வேண்டிய எஸ் மட்டும் விழுந்துவிட்டது. மங்களகரமான என்னும் பொருளுள்ள 'ஆஸ்பிஷஸ்' என்பதில் பறவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் இந்த வேரும் சேர்ந்திருக்கின்றன. ரோமானியர் பறவை பறக்கும் திசையைப் பார்த்து நல்லது கெட்டது கணித்தார்கள். நாம் சொல்லும் 'சகுனம்' என்பதற்கும் வடமொழியில் பறவை என்ற பொருள் உண்டு. இப்படி ஒரு முடிச்சு கிடைத்தால் அந்தச் சொல் மறக்காது.

ஆஸ்பிஷஸ், கான்ஸ்பிக்குவஸ் போன்றவற்றில் எஸ்-பி-இ-சி, எஸ்-பி-ஐ-சி ஆகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 'வா' என்பது 'வந்தான்' என்பதில் 'வ' ஆனதுபோல, இது பகுதியின் விகாரம். லத்தீனில் முன்னொட்டு ஒட்டியதும் வேரின் உயிர் பல இடங்களில் மெலியும். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 'பிடி, எடு' என்று பொருள்படும் சி-ஏ-பி. தனியாக நின்றால் கேப்சர், கேப்டிவ். முன்னொட்டோ இன்னொரு சொல்லோ முன்னால் வந்தால் ஏ மெலிந்து ஐ அல்லது இ ஆகிவிடும்: ரெசிபியன்ட், பார்டிசிபேட், அக்செப்ட், எக்செப்ட். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தவை இன்னொரு முகம் காட்டும்: ரிசீவ், டிசீவ். 'செய்' என்று பொருள்படும் எஃப்-ஏ-சி வேரும் அப்படியே: ஃபேக்டரி, எஃபிஷியன்ட், பெர்ஃபெக்ட். சொல்லிறுதியில் வரும் எஃப்-ஒய்கூட அதன் தேய்ந்த வடிவம்தான், மேக்னிஃபை என்றால் பெரிதாகச் செய். ஆகவே நோட்டில் வேரை ஒற்றை வடிவமாக எழுதாமல் அதன் எல்லா முகங்களையும் பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுங்கள். ஒரு முகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு 'ரெசிபியன்ட்' என்ற சொல் 'கேப்சர்' என்பதன் உடன்பிறப்பு என்று எப்படித் தெரியும்?

சில வேர்களுக்கு ஒழுங்கான இரட்டை வடிவம் உண்டு: வினைக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. டிஸ்க்ரைப், டிஸ்க்ரிப்ஷன். டிரான்ஸ்மிட், டிரான்ஸ்மிஷன். கன்வர்ட், கன்வர்ஷன். 'போ' என்னும் பொருளுள்ள வேர் சி-இ-டி-இ என்றும் சி-இ-எஸ்-எஸ் என்றும் வரும்: கன்சீட், கன்செஷன். இதில் எழுத்துக்கூட்டல் சிக்கல் ஒன்று. எக்ஸீட், ப்ரொசீட், சக்ஸீட் என்ற மூன்று மட்டும் இரண்டு இ-யோடு சி-இ-இ-டி என முடியும். சூப்பர்சீட் மட்டும் எஸ்-இ-டி-இ, அது 'உட்கார்' என்ற வேறு வேர். ப்ரிசீட், ரிசீட், கன்சீட் முதலானவை சி-இ-டி-இ.

லத்தீன் வேர்களுக்கான ஆறு வாரத்துக்கு இந்த வேர்களோடு போர்ட் (சும), டக்ட் (நடத்திச் செல்), டிராக்ட் (இழு), ரப்ட் (உடை), வி-ஐ-டி (காண்), ஏ-யு-டி (கேள்), எம்-ஐ-டி (அனுப்பு), வி-இ-ஆர்-டி (திருப்பு) போன்றவற்றைச் சேர்த்து இருபத்துநான்கு ஆக்கிக்கொள்ளுங்கள்.

வடமொழிச் சொற்கள் என்ற ஏணி

தமிழில் புழங்கும் வடமொழிச் சொற்கள் பல, லத்தீன் கிரேக்க வேர்களுக்குப் பங்காளிகள். தந்தம் என்பதற்கு டென்டல், பாதம் என்பதற்கு பெடல், நாமம் என்பதற்கு நாமினேட், தானம் என்பதற்கு டொனேட், அக்னி என்பதற்கு இக்னைட், ரதம் என்பதற்கு ரொட்டேட், யோகம் என்பதற்கு ஜங்ஷன், வேதம் என்பதற்கு வீடியோ. சப்த, அஷ்ட, தச என்ற எண்கள் செப்டம்பர், அக்டோபர், டிசம்பரில் இருக்கின்றன. ரோமானியரின் பழைய நாட்காட்டி மார்ச்சில் தொடங்கியதால் டிசம்பர் அன்று பத்தாம் மாதம்.

ஒலி ஒத்ததை எல்லாம் உறவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கொல்' என்பதும் 'கில்' என்பதும் தற்செயல் ஒற்றுமை. பணத்தைக் குறிக்கும் 'கேஷ்', பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, காசு என்பதிலிருந்து அல்ல. ஆனால் ஆசிய நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டலோடு இன்னொரு 'கேஷ்' உண்டு. அது நம் காசுதான்.

நான்காம் படி: கிரேக்கம்

கிரேக்க வேர்கள் லத்தீனைவிட எளியவை. உருமாற்றம் குறைவு, பொருளும் நேரானது. எழுத்திலேயே அடையாளம் தெரியும்: எஃப் ஒலிக்கு பி-எச், க் ஒலிக்கு சி-எச், சொல்லின் நடுவில் ஒய், தொடக்கத்தில் ஒலிக்காத பி. சைக்காலஜி என்ற ஒரு சொல்லில் இவற்றில் மூன்று இருக்கின்றன.

இரண்டு வேர்கள் சேரும்போது நடுவில் ஓ வரும். தெர்ம் + ஓ + மீட்டர். இது அப்படியே நம் சாரியை. அடுத்த பகுதி விகுதியாகி உயிரில் தொடங்கினால் இந்த ஓ மறைந்துவிடும். இரைப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பது காஸ்ட்ரோஸ்கோபி, இரைப்பை அழற்சி காஸ்ட்ரைட்டிஸ். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்று படித்தோமே, அதுபோல. இரண்டு வேர்களுக்கு நடுவில் மட்டும், உயிர் வந்தாலும் ஓ நிற்கும்: காஸ்ட்ரோஎன்ட்டரைட்டிஸ்.

மருத்துவச் சொற்களை மூன்று விகுதிகளோடு தொடங்கலாம். ஐட்டிஸ் அழற்சி, எக்டமி வெட்டி அகற்றல், ஆலஜி அதைப் பற்றிய துறை. உறுப்புகள்: கார்டி இதயம், நெஃப்ர் சிறுநீரகம், ஹெபட் கல்லீரல், டெர்ம் தோல், நியூர் நரம்பு. இப்போது நெஃப்ரெக்டமி என்றால் என்ன என்று அகராதி இல்லாமலே சொல்லிவிடலாம். எலக்ட்ரோஎன்செஃபலோகிராம் என்ற நீண்ட சொல்லும் பயமுறுத்தாது: மின்சாரம் + உள்ளே + தலை + பதிவு. தலைக்குள் இருப்பதன் மின்பதிவு, அதாவது ஈஈஜி.

புதுச்சொல் எதிர்ப்பட்டால்

பின்னாலிருந்து படியுங்கள். முதலில் விகுதி: டி-ஐ-ஓ-என் என்றால் பெயர், ஓ-யு-எஸ் என்றால் பெயரடை, ஐ-எஃப்-ஒய் என்றால் வினை. பிறகு வேர். கடைசியில் முன்னொட்டு. நேர்ப்பொருளைத் தமிழில் சொல்லிப் பார்த்து, அதை வாக்கியத்துக்குள் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் மேலே படியுங்கள், ஆனால் பக்கம் முடிந்ததும் அகராதியில் சரிபாருங்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி சொல்லின் பிறப்பையும் சேர்த்தே தருகிறது. பிறப்பை மட்டும் தேட இணையத்தில் எட்டிமோன்லைன் உண்டு.

சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். வேர் திசையைக் காட்டும், வீட்டு எண்ணைக் காட்டாது. மேனுஃபேக்சர் என்பதன் நேர்ப்பொருள் கையால் செய்தல், இன்று அது ஆலை உற்பத்தி. டிசாஸ்டர் என்பதற்குள் இருப்பது கெட்ட நட்சத்திரம், இன்று எந்தப் பேரிடருக்கும் அதுதான் பெயர். ப்ரிஸ்க்ரைப் என்றால் மருந்து எழுதிக் கொடு, விதி. ப்ரோஸ்க்ரைப் என்றால் தடைசெய். வேர் ஒன்று, முன்னொட்டின் நேர்ப்பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, வழக்கோ நேரெதிர். இதற்காகத்தான் நோட்டில் இரண்டு பத்திகள்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பகாப்பதத்தைப் பிரிப்பது முதலாவது. ரீச் என்பதில் 'ரி' இல்லை, அங்கிள் என்பதில் 'அன்' இல்லை. பென்சிலில் பென் இல்லை: பேனாவைக் குறிக்கும் சொல் இறகிலிருந்து வந்தது, பென்சில் சிறு தூரிகையைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து. முன்னொட்டை எடுத்தபின் மிச்சமிருப்பது வேறு இரண்டு சொற்களிலாவது அதே பொருளில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பிரிப்பைச் சந்தேகியுங்கள்.

ஒரே எழுத்தில் இரண்டு வேர்கள் இருப்பது அடுத்தது. பி-இ-டி லத்தீனில் பாதம் (பெடஸ்ட்ரியன்), கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் குழந்தை (பீடியாட்ரிக்ஸ்). ஹோமோ லத்தீனில் மனிதன் (ஹோமோ சேப்பியன்ஸ்), கிரேக்கத்தில் ஒரே வகை (ஹோமோஜீனியஸ்). முன்னைக் குறிக்கும் ஏ-என்-டி-இ, எதிரைக் குறிக்கும் ஏ-என்-டி-ஐ இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. ஆன்டிசிபேட் என்பது ஐ போட்டு எழுதப்பட்டாலும் அதில் இருப்பது 'முன்' தான்: முன்கூட்டியே பிடி.

'இன்' என்ற முன்னொட்டை எப்போதும் 'இல்லை' என்று படிப்பது ஆபத்தில் முடியலாம். இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடிய என்றே பொருள், தீப்பற்றாத என்று அல்ல. ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் மாற்றிக் கேட்டாலும் அப்படித்தான். ஹைப்பர்கிளைசீமியா ரத்தச் சர்க்கரை மிகுதி, ஹைப்போகிளைசீமியா ரத்தச் சர்க்கரைக் குறைவு, இரண்டுக்கும் சிகிச்சை வேறு. இவற்றைச் சொல்லும்போது முன்னொட்டின் இரண்டாம் அசையை அழுத்திச் சொல்லும் பழக்கம் நல்லது.

அழுத்தம் என்றதும் இன்னொன்று. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் விகுதி மாறினால் அழுத்தம் நகரும். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. ஐ-சி, டி-ஐ-ஓ-என் விகுதிகளுக்குப் பெரும்பாலும் சற்று முந்தைய அசையில் அழுத்தம் விழும். ஐ-டி-ஒய், எல்-ஓ-ஜி-ஒய், கிராஃபி என முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில். நோட்டில் அந்த அசையின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பன்னிரண்டு வாரக் கணக்கு

நாளைக்கு அரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் முன்னொட்டுகள், அடுத்த ஆறு வாரம் லத்தீன் வேர்கள் இருபத்துநான்கு, கடைசி நான்கு வாரம் கிரேக்க வேர்கள் பதினாறு. அரை மணியில் பத்து நிமிடம் புதியது, பத்து நிமிடம் பழையது, பத்து நிமிடம் வாசிப்பு. பழையதைத் திரும்பப் பார்க்கும் நாட்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள், பிறகு இரண்டு மாதம் கழித்து. பார்க்கும்போது பொருள் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு வாயால் சொல்லுங்கள். திறந்து வைத்துப் படித்தால் தெரிந்ததுபோலத் தோன்றும், ஆனால் நிற்காது.

வாசிப்பில் ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தை எடுத்து, தெரிந்த வேர் உள்ள சொற்களுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அடிக்கோட்டை எண்ணி, தேதியோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எண்ணிக்கை ஏறாவிட்டால் புதிய வேர்களை நிறுத்திவிட்டு, பழைய பக்கங்களில் வேரின் எல்லா முகங்களையும் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் விடுபட்டிருப்பது அந்த மெலிந்த வடிவம்தான்.